இடது கையால் சாப்பிட்ட பையன்

2016 ஜூன் மாதத்தில் ஓர் இரவு. வர்ஜீனியாவில் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். 12 வயதுப் பையன் இட்லியைப் பிட்டு இடது கையால் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். "சோத்துக் கையால சாப்பிடுடா" என்றேன். மாற்றிக்கொண்டான். இரண்டு வாய் உள்ளே போனதும் பழையபடி இடது கை. இந்தத் தடவை சத்தம் போட்டேன். எந்த ஊரில் வளர்ந்தாலும் சாப்பிடுகிற கை எது என்று தெரிய வேண்டாமா என்று ஏதேதோ சொன்னேன். அவன் பதில் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

என் அம்மா அப்போது திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். என் கண்ணில் படாததை அவர் நாலைந்து நாளாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பேரன் இடது கையால் தலை வாருகிறான். புத்தகப் பையை இடது தோளிலேயே மாட்டுகிறான். அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எய்யா, ரெண்டு கையையும் நீட்டு, ஆச்சி பாக்கட்டும்" என்றார். நீட்டினான். இடது கை நேராக வந்தது. வலது கை முழங்கையில் லேசாக மடங்கியபடியே நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எத்தனை நாளா?"

பதில் வர நேரமானது. "ஏப்ரல்ல இருந்து."

இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்தான் அவனைக் காரில் கூட்டிப்போனேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் "கை வலிக்குதா?" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "இல்லப்பா" என்றான். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அவன் பேஸ்பாலில் பிட்சர். அதாவது பந்து எறிகிறவன். நம்மூர்க் கண்ணுக்கு அது பந்து வீச்சு போலத் தெரியும், ஆனால் உடம்புக்கு அது வேறு வேலை. கிரிக்கெட்டில் பவுலர் முழங்கையை மடக்கி நிமிர்த்தக் கூடாது. சின்ன வயதில் எங்கள் தெருவில் யாராவது அப்படி எறிந்தால் "மாங்கா, மாங்கா" என்று கத்தி நோபால் கொடுப்போம். பேஸ்பாலில் எல்லாமே அந்த மாங்கா எறிதான். ஓடி வந்து வேகம் சேர்க்கவும் வழியில்லை. நின்ற இடத்திலிருந்து ஓர் எட்டு வைத்து, காலில் பிறக்கிற விசையை இடுப்பு, தோள், முழங்கை என்று ஏற்றி, கடைசியில் கையைச் சாட்டைபோலச் சொடுக்க வேண்டும். அந்தச் சொடுக்கில் முழங்கையின் உள்பக்கம் பிளந்து திறக்கப் பார்க்கும். அதைத் திறக்க விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைக்கிற ஒரு சின்னத் தசைநார். முன்கைத் தசைகள் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது. தசை களைத்துப்போனால் மொத்தச் சுமையும் தசைநார் தலையில் விழும். எனவே பிட்சர்கள் விஷயத்தில் களைப்பு என்பது வெறும் களைப்பு அல்ல. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

என் பையனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு அவன் கைக்குத் திரும்புகிறேன்.

2010 ஜூன் 8, செவ்வாய்க்கிழமை. அலுவலகத்தில் ஒருவர் போக முடியாமல் இரண்டு டிக்கெட்டை என்னிடம் கொடுத்தார். ஆறு வயதுப் பையனோடு மெட்ரோவில் நேவி யார்டு ஸ்டேஷனில் இறங்கினால் பார்க்கும் இடமெல்லாம் சிவப்புச் சட்டை, முதுகில் 37. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்காக ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற 21 வயதுப் பையன் முதல் ஆட்டம் ஆடப்போகிறான். பேஸ்பாலில் எனக்கு அன்று விதிகள்கூட அரைகுறையாகத்தான் தெரியும். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர்தான் கதை சொன்னார்.

சான் டியாகோ பையன். பள்ளி முடித்தபோது, அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் எந்த அணியும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. உடம்பு கனம், ஓடினால் மூச்சு வாங்கும். உள்ளூர்க் கல்லூரியான சான் டியாகோ ஸ்டேட்டில் சேர்ந்தான். அங்கே பயிற்சியாளர் டோனி க்வின். மட்டை பிடிப்பதில் பெரும் பேர் வாங்கியவர். அந்த இடத்தில் உடம்பைக் குறைத்து, வலுவேற்றி, மூன்றே வருடத்தில் வேறு ஆளாகிவிட்டான். 2008இல் யூட்டா பல்கலைக்கழகத்தோடு நடந்த ஒரே ஆட்டத்தில் 23 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். மட்டைக்காரர் மூன்று நல்ல பந்துகளை அடிக்க முடியாமல் விட்டு அவுட் ஆவதுதான் ஸ்ட்ரைக் அவுட். ஓர் ஆட்டத்தில் எடுக்க வேண்டியதே 27 அவுட்தான் என்று நினைத்துப் பாருங்கள். அதே வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியில் கல்லூரியிலிருந்து போன ஒரே ஆட்டக்காரன். அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 2009இல் நாட்டிலேயே முதல் ஆள். கையெழுத்துப் போட்ட தொகை 1 கோடியே 51 லட்சம் டாலர்.

இவ்வளவு இருந்தும் நேராக மேலே ஏற்றிவிட மாட்டார்கள். மைனர் லீக் என்று ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஹாரிஸ்பர்க், சிரக்யூஸ் என்று சின்ன ஊர் அணிகளில் 11 ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வாஷிங்டன் வந்தான். மற்றவர்கள் அந்தப் படியில் மூன்று, நான்கு வருடம் நிற்பார்கள். பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

அன்றைக்கு அவன் எறிந்த 94 பந்துகளை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. மணிக்கு 100 மைல் என்று பலகையில் எண் ஏறும்போதெல்லாம் 40,000 பேர் எழுந்து நின்றார்கள். ஏழு இன்னிங்ஸ் (ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்), 14 ஸ்ட்ரைக் அவுட், பந்து தப்பாகப் போனதால் ஒருவருக்குக்கூட இலவச நடை கிடையாது. கடைசி ஏழு பேரும் வரிசையாக அவுட். பிட்ஸ்பர்க் அணி 5-2 என்று தோற்றது. திரும்பும் வழியில் மெட்ரோவில் என் பையன் தூங்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு காலைத் தூக்கித் தூக்கி எறிவதுபோல் செய்துகொண்டே வந்தான்.

அடுத்த பத்து வாரம் அந்த ஊரே ஸ்ட்ராஸ்பர்க் எறிகிற நாளைக் காலண்டரில் குறித்து வைத்தது. ஜூலை கடைசியில் தோளில் வீக்கம் என்று சில ஆட்டம் உட்கார்ந்தான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 21, ஃபிலடெல்ஃபியாவில் ஐந்தாவது இன்னிங்ஸ். வேகத்தைக் குறைத்து ஏமாற்றுகிற சேஞ்சப் பந்து ஒன்றை எறிந்தான். எறிந்த கணத்தில் முகம் சுருங்கியது, கையை உதறினான். பயிற்சியாளர்கள் ஓடி வந்தார்கள். அவ்வளவுதான். ஆறு நாள் கழித்து, முழங்கைத் தசைநார் கிழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். 12 ஆட்டம், 68 இன்னிங்ஸ், 92 ஸ்ட்ரைக் அவுட். முதல் வருடம் அதோடு முடிந்தது.

கிழிந்த அந்தத் தசைநாரைச் சரி செய்கிற அறுவை சிகிச்சைக்கு ஓர் ஆட்டக்காரரின் பெயரே வைத்திருக்கிறார்கள். டாமி ஜான் என்பவர் லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர். 1974இல் அவருடைய தசைநார் அறுந்தது. அதுவரை அந்தக் காயம் என்றால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். டாக்டர் ஃபிராங்க் ஜோப், மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளை போட்டு அதைக் கோத்துக் கட்டினார். நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று சொல்லித்தான் செய்தார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அவர் வென்ற 288 ஆட்டங்களில் 164 அந்த அறுவைக்குப் பிறகு வந்தவை. எடுத்த தசைநாண் எது என்று உங்கள் கையிலேயே பார்க்கலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்கள். நடுவில் கயிறுபோல் ஒன்று எழும்பும். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, இல்லாவிட்டாலும் குறையொன்றும் இல்லை.

ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 2010 செப்டம்பர் 3 அன்று அறுவை நடந்தது. அவன் மறுபடி மேஜர் லீக்கில் நின்றது 2011 செப்டம்பர் 6. ஒரு வருடமும் மூன்று நாளும். வந்த அன்று ஐந்து இன்னிங்ஸ், 56 பந்து, எதிரணிக்கு ஓர் ஓட்டமும் இல்லை. நாங்கள் டிவியில் பார்த்தோம். என் பையனுக்கு ஏழு வயது. "பாத்தியாப்பா, சரியாயிடுச்சு" என்றான். அவன் மனதில் அன்று பதிந்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்: கை உடையும், டாக்டர் சரி செய்வார், மறுபடி எறியலாம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஸ்ட்ராஸ்பர்க் என்ன செய்துகொண்டிருந்தான் என்று எந்தக் கேமராவும் காட்டவில்லை. நானும் சொல்லித்தரவில்லை.

இப்போது 2016க்கு வருகிறேன்.

பையன் ஊர் லீக்கில் நன்றாக எறிந்தான். அதைப் பார்த்து, வெளியூர்ப் போட்டிகளுக்குப் போய் ஆடுகிற ஒரு டிராவல் அணி கூப்பிட்டது. வார நாட்களில் ஊர் லீக், வார இறுதியில் டிராவல் அணி. ஊர் லீக்கில் பந்து எண்ணிக்கைக்கு விதி உண்டு. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் கூடாது. 66க்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு, 51 முதல் 65 வரை என்றால் மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள். அங்கே அதை ஒழுங்காகவே பின்பற்றினார்கள். டிராவல் அணிப் பயிற்சியாளரும் தன் அணியில் எறிந்த பந்துகளை எண்ணினார். இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டிய ஆள் நான்தான். நான் எண்ணவில்லை. வியாழக்கிழமை ஊர் லீக்கில் 70 பந்து எறிந்தவன் சனிக்கிழமை டிராவல் அணிக்கு மூன்று இன்னிங்ஸ் எறிந்தான். பிட்சராக இல்லாத இன்னிங்ஸில், மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சராக உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்தான். அதை யாருமே கணக்கில் எடுக்கவில்லை.

மே மாதம் ஒருநாள் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தான். நான் போய் வலி போக்கும் ஸ்பிரே வாங்கிவந்து அடித்துவிட்டேன். மறுநாள் ஆட்டம் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் என்னைப் போல இன்னொரு அப்பா இன்றைக்கும் ஏதோ ஒரு கடையில் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பார் என்பதால் சொல்கிறேன். வளர்கிற பிள்ளையின் மூட்டில் வலி வந்தால் அதை மரத்துப்போகச் செய்து மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்.

டாக்டர் இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலி வலது கையில்தானே, இடது எதற்கு என்று கேட்டேன். படம் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். குழந்தைகளுக்கு எலும்பின் முனையில் வளர்கிற பகுதி குருத்தெலும்பாக இருக்கும். படத்தில் அது மெல்லிய கோடாகத் தெரியும். இடது கையில் கோடு சன்னமாக இருந்தது. வலது கையின் உள்பக்கத்தில் அதே கோடு அகலமாக விலகியிருந்தது. ஒப்பிட்டால்தான் தெரியும், அதற்குத்தான் இரண்டு படம். பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும். பிள்ளைகளுக்குத் தசைநாரைவிட இந்த வளர்ச்சிப் பகுதி பலவீனமானது, அதனால் அது முதலில் விட்டுக்கொடுக்கிறது. பையனுடையது முழுசாகப் பெயரவில்லை, அறுவை வேண்டாம் என்றார். இன்னும் ஒரு மாதம் இப்படியே எறிந்திருந்தால் என்று நான் ஆரம்பித்ததும், "எறியவில்லையே, அதை விடுங்கள்" என்று நிறுத்திவிட்டார்.

அன்று அவர் சொன்னதில் ஒன்று எனக்குள் தங்கிவிட்டது. பிள்ளைகளிடம் "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள் என்றார். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் "ஆமாம்" என்றால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பார்க்கச் சொன்னார். பல் தேய்க்கும் கை எது. சட்டை போடும்போது எந்தக் கை முதலில் போகிறது. ஆட்டம் முடிந்து பையை எந்தக் கையில் தூக்குகிறான். மூன்றாவது இன்னிங்ஸுக்குப் பிறகு பந்து மேலே மேலே போகிறதா, முழங்கை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. களைப்பு அங்கே முதலில் தெரியும். என் அம்மாவுக்குப் பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் செய்ததும் இதைத்தான்.

அன்று இரவு நான் தேடிப் படித்தவற்றில் இரண்டு எண்கள் என்னைத் தூங்கவிடவில்லை. 2006இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வாளர்கள், அறுவைக்கு ஆளான பதின்வயதுப் பிட்சர்களையும் காயமே படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்கள் அறுவைக்குப் போகும் வாய்ப்பு 36 மடங்கு. 2011இல் வந்த இன்னோர் ஆய்வு சிறுவர்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்தது. வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. இந்த மாதிரி ஆய்வுகளை வைத்துத்தான் மேஜர் லீக்கே 2014இல் சிறுவர்களுக்கு 'பிட்ச் ஸ்மார்ட்' என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நாள் கணக்கு, ஓய்வுக் கணக்கு மட்டுமல்ல, வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் பிட்சிங்கே வேண்டாம், ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் இருக்க வேண்டாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் இரண்டு வருடமாக இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. பந்து வேகம் அளக்கும் ரேடார் துப்பாக்கியை 100 டாலர் கொடுத்து வாங்கியிருந்த நான், இந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் துப்பாக்கியை அந்த வாரமே பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். எண் ஏற வேண்டும் என்று அப்பா நிற்கிறார் என்றால், பிள்ளை கையைப் பார்க்க மாட்டான், எண்ணைத்தான் பார்ப்பான்.

ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது. அது முடிந்து தோள், முதுகு, இடுப்புக்குப் பயிற்சி. அப்புறம்தான் எறிதல். முதலில் 30 அடி தூரம், அதுவும் மெதுவாக 25 பந்து, மறுநாள் ஓய்வு. வலி இல்லையென்றால் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டலாம். லேசாக வலித்தால் ஒரு படி பின்னால் போக வேண்டும். நாங்கள் மூன்று தடவை பின்னால் போனோம். மைதானத்தில் எறிய அனுமதி கிடைக்க நான்கு மாதத்துக்கு மேலாயிற்று. அந்தக் கோடையில் டிராவல் அணி வேறு பையனை எடுத்துக்கொண்டது.

உடம்பைவிட அந்த மாதங்களில் மனசு பட்டபாடுதான் பெரிது. அணிதான் அவனுடைய நண்பர் கூட்டம். ஆட்டம் இல்லையென்றால் சனிக்கிழமையே இல்லை. ஊர் லீக் பயிற்சியாளரிடம் கேட்டு, ஸ்கோர் புத்தகம் எழுதும் வேலையை வாங்கிக்கொடுத்தேன். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். மூன்றாவது வாரம், எதிரணிப் பிட்சர் எப்போது களைக்கிறான் என்று வீட்டுக்கு வந்து எங்களுக்கு விளக்கினான். காயப்பட்ட பிள்ளையை வீட்டில் உட்காரவைக்காமல் அணியின் பெஞ்சில் உட்கார ஓர் இடம் பிடித்துக்கொடுங்கள். நான் செய்தவற்றில் உருப்படியான காரியம் இது ஒன்றுதான்.

ஒரு நோட்டும் வாங்கினேன். எந்த அணி, எந்தத் தேதி, எத்தனை பந்து, அடுத்து எறியலாம் என்கிற தேதி. அணிக்கு ஒன்று அல்ல, கைக்கு ஒரு நோட்டு. எழுதுகிற வேலை பையனுடையது. கணக்கு அவன் கையாலேயே எழுதும்போது, "இன்னிக்கு முடியாது கோச்" என்று சொல்ல அவனுக்கே தைரியம் வந்தது.

அந்த நோட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் 2012இல் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு நடந்தது எனக்குப் புரிந்தது. அந்த வருடம் நேஷனல்ஸ் அணி 98 ஆட்டங்களை வென்று முதலிடம் பிடித்தது. ஸ்ட்ராஸ்பர்க் 15 வெற்றி, 197 ஸ்ட்ரைக் அவுட். ஆனால் அறுவைக்குப் பிறகு வரும் முதல் முழு வருடம் என்பதால் அவன் எறிய ஒரு வரம்பு இருக்கிறது என்று அணியின் பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ முதலிலேயே சொல்லியிருந்தார். அதே அறுவையிலிருந்து திரும்பிய ஜோர்டன் ஜிம்மர்மேனையும் முந்தைய வருடம் 161 இன்னிங்ஸோடு நிறுத்தியிருந்தார்கள். செப்டம்பரில், 159 இன்னிங்ஸ் சொச்சத்தில், ஸ்ட்ராஸ்பர்க்கை உட்காரவைத்தார்கள். அவனுக்கு அதில் சம்மதமே இல்லை. அவனில்லாமல் ஆடிய அணி பிளே ஆஃப் தொடரில் செயின்ட் லூயிஸிடம் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. நாடே ரிஸ்ஸோவைத் திட்டியது. அலுவலகத்தில் நானும் திட்டினேன். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யாராவது சிறந்த ஆட்டக்காரனை உட்காரவைப்பார்களா என்று கேட்டேன்.

நான்கு வருடம் கழித்து, ஊர் லீக்கின் கடைசி ஆட்டத்தில், நன்றாகிவிட்ட கையோடு என் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நோட்டுப்படி அவனுக்கு இன்னும் ஒரு நாள் ஓய்வு பாக்கி. அணி ஓர் ஓட்டத்தில் தோற்றது. மற்ற அப்பாக்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்கிக்கொண்டேன். ரிஸ்ஸோவை அன்று நினைத்துக்கொண்டேன்.

2019 அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்க்கின் கை என்ன செய்தது என்று பேஸ்பால் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பிளே ஆஃப் ஆட்டங்களில் ஐந்து வெற்றி, தோல்வியே இல்லை. கோப்பைக்கான இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் ஹூஸ்டனில், தோற்றால் எல்லாம் போச்சு. முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ஓட்டம் கொடுத்துவிட்டான். எந்தப் பந்து வரப்போகிறது என்பது கையுறையின் அசைவில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று பிட்சிங் பயிற்சியாளர் சொல்ல, அதன் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கையுறையை ஆட்டிக் குழப்ப ஆரம்பித்தான். அதற்குப் பிறகு ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை நின்று ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. மறுநாள் அணி கோப்பையை வென்றது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஸ்ட்ராஸ்பர்க். என் பையனுக்கு 15 வயது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், மறுநாள் பள்ளிக்கூடத்தில் சைகையில் பேசினானாம்.

இங்கே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையாக இருக்காது.

அந்த டிசம்பரில் ஏழு வருடத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பிறகு அவன் ஆடியது மொத்தம் எட்டே ஆட்டம். 2020இல் கை மரத்துப்போய் மணிக்கட்டில் அறுவை. 2021இல் கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நரம்பு நசுங்குகிறது என்று கண்டுபிடித்து, அதற்கும் அறுவை. 2022 ஜூனில் மயாமியில் ஒரே ஓர் ஆட்டம், அதுதான் கடைசி. 2024 ஏப்ரலில் அதிகாரப்பூர்வமாக ஓய்வு. வயது 35. முழங்கையைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள், கடைசியில் தோள் பக்கத்திலிருந்து வந்தது. அப்படியானால் 2012இல் உட்காரவைத்தது வீணா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2012க்கும் 2019க்கும் நடுவே ஏழு வருடம் அந்தக் கை எறிந்திருக்கிறது. ஓய்வு கொடுத்தால் காயமே வராது என்று எந்த டாக்டரும் எங்களிடமும் சொல்லவில்லை. நம்மால் தவிர்க்க முடிந்ததையாவது தவிர்க்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

என் பையன் 13 வயதில் பெரிய மைதானத்துக்குப் போனான். பிட்சிங் தூரம் 46 அடியிலிருந்து 60 அடி 6 அங்குலத்துக்கு ஒரேயடியாகத் தாவுகிற வயது அது. நிறைய முழங்கைகள் போவதும் அப்போதுதான். ஒரு வருடம் எறியவே வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம். முதல் பேஸ் என்கிற இடத்தில் ஃபீல்டராக நின்றான், குளிர்காலத்தில் கூடைப்பந்து ஆடினான். உயர்நிலைப் பள்ளியில் மறுபடி பிட்சர் ஆனான். நோட்டு மூன்று ஆனது. கல்லூரியில் கிளப் அணியில் ஆடினான். மேஜர் லீக் எல்லாம் அவன் பாதையில் இல்லை, அவனுக்கு அது 16 வயதிலேயே தெரிந்துவிட்டது. வலது கை நேராக நீட்ட வருகிறது.

2024 செப்டம்பர் 12 இரவு. கல்லூரியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். "அப்பா, டிவியைப் போடுங்க, குமார் எறியப்போறான்." சியாட்டிலில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஆட்டம். குமார் ராக்கருக்கு அம்மா வழியில் இந்திய வேர், அப்பா பேர்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். வாண்டர்பில்ட் கல்லூரியில் முதல் வருடத்திலேயே, 2019இல், டியூக் அணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியவன். 2021இல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு கை மேல் சந்தேகப்பட்டு ஒப்பந்தமே போடவில்லை. தோளில் சின்ன அறுவை, எந்த மேஜர் லீக் அணியோடும் சேராத ஒரு லீக்கில் ஆட்டம், 2022இல் மறுபடி டிராஃப்ட், இந்தத் தடவை ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023 மே மாதம் டாமி ஜான் அறுவை. திரும்ப ஏறி வந்து, 24 வயதில், இதுதான் முதல் மேஜர் லீக் ஆட்டம்.

ஊரில் அப்போது வெள்ளிக்கிழமை காலை. அம்மாவையும் அழைப்பில் சேர்த்தோம். காபி டம்ளரோடு உட்கார்ந்தார். "பேரு குமாரா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான்கு இன்னிங்ஸ், ஏழு ஸ்ட்ரைக் அவுட், ஓர் ஓட்டம்தான் கொடுத்தான். என் பையன் ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ விளக்கிக்கொண்டே இருந்தான், ஸ்லைடர் என்கிற பந்து எப்படித் திரும்புகிறது என்று. அம்மாவுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. குமார் எறிந்து முடித்து உள்ளே போய் உட்கார்ந்ததும் கேமரா அவன் முகத்தைக் காட்டியது. கையில் தண்ணீர் பாட்டில்.

திரைக்கு மிக அருகில் வந்து பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "எய்யா, அந்தப் பிள்ளை எந்தக் கையால தண்ணி குடிக்கான்னு பாரு."